ஒரு ஆளைக் கழற்றிவிடப் பிறந்த லீக்

மலர்க் குழுவிலிருந்து ஃபோன் செய்து, "சரித்திரக் கட்டுரை ஒண்ணு வேணும். ஆனா நம்ம காலேஜ் சரித்திரம் வேண்டாம், அதுக்கு ஏற்கெனவே நாலு பேர் வரிசையில இருக்காங்க" என்றார்கள். பாசறைப் பெருமிதங்களை அந்த நால்வரிடமே விட்டுவிட்டு, நம் ஊருக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு விஷயத்தை எடுத்துக் கொண்டிருக்கிறேன். ஐஸ் ஹாக்கி. கம்பெனி வேலையாக ஒன்றரை வருடம் டொரண்டோவில் இருந்தேன். குளிர்காலம் வந்துவிட்டால் அங்கே ஆபீஸில் வேறு பேச்சே கிடையாது. காபி மெஷின் பக்கத்தில் முழித்துக்கொண்டு நிற்பதைவிடப் படித்துத் தெரிந்து கொள்வோமே என்று ஆரம்பித்தேன். என்னைப் பிடித்துக் கொண்டது ஆட்டமல்ல, அதன் பின்னால் நடந்த கமிட்டி விவகாரம்.

நேஷனல் ஹாக்கி லீக் என்பது இன்று 32 அணிகள் கொண்ட, உலகத்திலேயே மிகப் பெரிய ஐஸ் ஹாக்கி அமைப்பு. இது யாரோ ஒரு பெரியவர் தொலைநோக்கோடு தொடங்கியது என்றுதான் நினைப்போம். கிடையாது. 1917-ல் நாலைந்து முதலாளிகள் ஒரு ஹோட்டலில் கூடி, தங்களுக்குப் பிடிக்காத ஒரு சக முதலாளியை எப்படிக் கழற்றிவிடலாம் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு அது. அதன் முதல் பருவமான 1917-18 கதையைத்தான் சொல்லப் போகிறேன். சங்கம், கமிட்டி, பொதுக்குழு என்று அனுபவப்பட்டவர்கள் கூடுதலாக ரசிக்கலாம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பனித்தரையில், காலில் ஸ்கேட் கட்டிக் கொண்டு, வளைந்த கட்டையால் ரப்பர் வட்டு ஒன்றைத் தள்ளிக் கொண்டு போய் எதிரணி வலையில் போட வேண்டும். அந்த வட்டுக்குப் பெயர் பக். கோல்கீப்பரைச் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 6 பேர். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி. இப்போது 40, 50 விநாடிக்கு ஒருமுறை ஆளை மாற்றுகிறார்கள். அன்றைக்கு மாற்று ஆட்களே குறைவு, நல்ல ஆட்டக்காரர்கள் கிட்டத்தட்ட முழு ஆட்டமும் நின்று ஆடுவார்கள். இவ்வளவு போதும்.

1909 முதல் கனடாவின் கிழக்குப் பகுதியில் நேஷனல் ஹாக்கி அசோசியேஷன் என்றொரு அமைப்பு இருந்தது. பழைய சங்கம் என்று வைத்துக் கொள்வோம். மாண்ட்ரீலில் இரண்டு அணிகள்: பிரெஞ்சு பேசுபவர்களின் செல்லப் பிள்ளையான கனேடியன்ஸ், ஆங்கிலம் பேசுபவர்களின் வாண்டரர்ஸ். அப்புறம் ஒட்டாவா, கியூபெக், டொரண்டோ. டொரண்டோ அணிக்கு ப்ளூ ஷர்ட்ஸ் என்று பெயர், 1915-லிருந்து அதன் சொந்தக்காரர் எடி லிவிங்ஸ்டன். அதற்கு முன்பே இன்னொரு டொரண்டோ அணியும் அவரிடம் இருந்தது. ஒருவரிடமே இரண்டு அணியா என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அதே வருடம் மேற்குக் கரையில் சியாட்டிலில் புதிதாக ஆரம்பித்த அணி, ப்ளூ ஷர்ட்ஸின் முக்கிய ஆட்டக்காரர்களைக் கொத்தாகத் தூக்கிக் கொண்டு போனது. மிச்சமிருந்த இரண்டு அணி ஆட்களையும் சேர்த்து ஒரே அணியாக ஆக்கிக் கொண்டார் லிவிங்ஸ்டன். (தூக்கிக் கொண்டு போன ஆட்களை வைத்து சியாட்டில் 1917-ல் ஸ்டான்லி கோப்பையையே ஜெயித்தது. அதை வென்ற முதல் அமெரிக்க அணி அதுதான். லிவிங்ஸ்டன் வயிறு எரிந்திருக்கும்.)

மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக் கொண்டு ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை. ஆட்டக்காரர் யாருக்குச் சொந்தம், எந்தத் தேதியில் யாரோடு ஆட்டம், எல்லாவற்றுக்கும் ஆட்சேபம், தேவைப்பட்டால் கோர்ட் மிரட்டல். நம் எல்லார் சங்கத்திலும் இப்படி ஒருவர் உண்டு. முக்கால்வாசி நேரம் அவர் சொல்வது நியாயமாகத்தான் இருக்கும், ஆனால் அவர் வாயைத் திறந்தாலே மற்றவர்களுக்குப் பற்றிக் கொண்டு வரும். வாண்டரர்ஸ் முதலாளி சாம் லிச்சன்ஹைனுக்கும் இவருக்கும் முகம் கொடுத்துப் பேச முடியாத நிலை.

1916-17 பருவத்தில் முதல் உலகப் போரின் காரணமாக ஒரு விசித்திரம் நடந்தது. டொரண்டோவிலிருந்த ராணுவத்தின் 228-வது பட்டாலியன் ஒரு அணியாகவே லீகில் சேர்ந்து, காக்கி உடுப்பில் ஆடியது. 1917 பிப்ரவரியில் பட்டாலியனுக்குக் கப்பலேற உத்தரவு வந்துவிட்டது. 6 அணி 5 ஆகிவிட்டது, அட்டவணை கந்தல். மற்ற முதலாளிகள் கூடிப் பேசினார்கள். ஒற்றைப்படையாக 5 அணி இருந்தால் சரிப்படாது, ஆகவே ஒரு அணியை நிறுத்திவிடலாம் என்று முடிவு. எந்த அணி? லிவிங்ஸ்டனின் அணிதான், வேறு எது! பருவத்தின் நடுவிலேயே டொரண்டோ அணியை நிறுத்தி, அதன் ஆட்களை மற்றவர்கள் பங்கு போட்டுக் கொண்டார்கள். கணக்கைப் பார்த்தால் காரணம் சரிதான். ஆளைப் பார்த்தால்தான் சந்தேகம் வருகிறது.

ஆனாலும் அது ஒரு பருவத்துக்கான ஏற்பாடுதான். அடுத்த வருடம் மனிதர் திரும்பி வந்து உட்காருவார். நிரந்தரமாக நீக்கவோ பழைய சங்கத்தின் சட்ட திட்டங்களில் வழி இல்லை. இங்கேதான் மூளை வேலை செய்தது. ஆளைச் சங்கத்திலிருந்து நீக்க முடியாவிட்டால், சங்கத்தை ஆளிடமிருந்து நீக்கிவிட்டால் என்ன?

1917 நவம்பர் 26-ம் தேதி மாண்ட்ரீலில் வின்ட்ஸர் ஹோட்டலில் கூடினார்கள். கனேடியன்ஸ் சார்பில் ஜார்ஜ் கென்னடி, வாண்டரர்ஸுக்கு லிச்சன்ஹைன், ஒட்டாவாவுக்கு டாமி கோர்மன், கியூபெக்குக்கு மைக் க்வின். பழைய சங்கத்தை நிறுத்தி வைத்துவிட்டு, அதே விதிகளோடு நேஷனல் ஹாக்கி லீக் என்ற பெயரில் புதுசாக ஒன்று. பழைய சங்கத்தின் செயலாளர் ஃப்ராங்க் கால்டர் புதியதற்குத் தலைவர். முன்னாள் பத்திரிகைக்காரர், இங்கிலாந்தில் பிறந்தவர். லிவிங்ஸ்டனை யாரும் நீக்கவில்லை. பழைய சங்கத்தில் அவர் உரிமம் பத்திரமாக இருந்தது. என்ன, அந்தச் சங்கத்தில் அவரோடு ஆட வேறு அணி இல்லை, அவ்வளவுதான். இதையே லிச்சன்ஹைன் கிண்டலாகப் பத்திரிகைக்காரரிடம் சொல்லிச் சிரித்ததாக ஒரு கதை உண்டு.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் பழுதான ஒரு வால்வைச் சுற்றித் தற்காலிகமாக பைபாஸ் லைன் போட்டார்கள். "ஒரு வாரம்தான் சார்" என்றார் ஃபோர்மேன். நான் அந்த வேலையை விட்டு வரும்போது அந்த பைபாஸுக்குப் பெயின்ட் அடித்து, டிராயிங்கிலும் ஏற்றியிருந்தார்கள். பெரிய லீகும் அப்படிப் போட்ட பைபாஸ்தான்.

சரி, லிவிங்ஸ்டன் வேண்டாம். ஆனால் டொரண்டோ வேண்டுமே? அவ்வளவு பெரிய ஊரின் வசூலை விட முடியுமா? அதோடு, செயற்கை ஐஸ் வசதியுள்ள அரங்கம் அங்கே இருந்தது. மியூச்சுவல் தெருவில் 1912-ல் திறந்த அரீனா கார்டன்ஸ். அரங்கத்தை நடத்திய டொரண்டோ அரீனா கம்பெனிக்கு அணி நடத்த உரிமை கொடுத்தார்கள், அதுவும் தற்காலிகமாக. ஆட்டக்காரர்கள்? லிவிங்ஸ்டனின் ஆட்களேதான், ஒரு பருவத்துக்கு வாடகை மாதிரி. வீட்டுக்காரரை வெளியே நிறுத்திவிட்டு அவர் பாத்திரத்திலேயே சமைத்துச் சாப்பிடுகிற மாதிரி. அந்த அணிக்கு அந்த வருடம் அதிகாரப்பூர்வமாகப் பெயர்கூட வைக்கவில்லை. பத்திரிகைகள் பழக்க தோஷத்தில் ப்ளூ ஷர்ட்ஸ் என்றே எழுதிக் கொண்டிருந்தன. நிர்வாகி சார்லி க்வெரி, பயிற்சியாளர் டிக் கேரல்.

கியூபெக் அணி கையில் காசில்லாமல் அந்தப் பருவம் ஆடாமல் ஒதுங்கிக் கொள்ள, அதன் ஆட்களையும் பங்கு பிரித்தார்கள். ஜோ மலோன் என்ற அற்புதமான முன்வரிசைக்காரர் கனேடியன்ஸுக்குப் போனார். கூடவே ஜோ ஹால் என்ற முரட்டுத் தடுப்பாட்டக்காரரும். இதில் எந்த இடத்திலும் ஆட்டக்காரர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்களுக்கென்று நிலைத்து நின்ற சங்கம் 1967-ல்தான் வந்தது. சரியாக ஐம்பது வருடம் கழித்து.

நாடு இருந்த நிலையையும் சொல்ல வேண்டும். போர் ஆரம்பித்து நாலாவது குளிர்காலம். ப்ளூ ஷர்ட்ஸ் 1914-ல் கோப்பை ஜெயித்தபோது அணித் தலைவராயிருந்த ஸ்காட்டி டேவிட்சன் 1915-ல் போர்முனையில் செத்துப் போயிருந்தார். 1917 டிசம்பர் 6-ம் தேதி ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து ஊரே நாசமானது. டிசம்பர் 17-ல் பொதுத் தேர்தல். கட்டாய ராணுவ சேவை வேண்டுமா வேண்டாமா என்பதுதான் பிரச்சினை. ஆங்கிலக் கனடா ஒரு பக்கம், பிரெஞ்சுக் கியூபெக் மறுபக்கம் என்று நாடே இரண்டாகப் பிரிந்து ஓட்டுப் போட்டது. இரண்டே நாள் கழித்து, டிசம்பர் 19 இரவு, புது லீகின் முதல் இரண்டு ஆட்டங்கள். இந்த நேரத்தில் எவன் ஹாக்கி பார்க்க வருவான்?

வரவில்லை. மாண்ட்ரீலில் வாண்டரர்ஸ் - டொரண்டோ ஆட்டத்துக்குச் சுமார் 700 பேர்தான் வந்தார்கள். சீருடையில் வரும் சிப்பாய்களுக்கு இலவச அனுமதி கொடுத்தும் இந்தக் கதி. ஆனால் ஆட்டம் என்னவோ ஜோர். வாண்டரர்ஸ் 10, டொரண்டோ 9! ஹாரி ஹைலண்ட் ஒருவரே 5 கோல். ஒட்டாவாவில் இன்னொரு ஆட்டம். அங்கே சம்பளத் தகராறில் ஆட்டமே தாமதமாகத்தான் ஆரம்பித்தது. லீக் பிறந்த அன்றே சம்பளத் தகராறும் பிறந்துவிட்டது பாருங்கள், இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கனேடியன்ஸ் 7-4 என்று ஜெயித்தது. மலோன் 5 கோல்.

வாண்டரர்ஸுக்கு அந்த 10-9தான் லீகில் முதல் வெற்றி, கடைசி வெற்றியும் அதுதான். ஸ்டான்லி கோப்பையை நான்கு முறை ஜெயித்த பரம்பரை அணி. போர் வந்து ஆட்களைக் கொண்டு போய்விட்டது, மீதிப் பேருக்கு வயதாகிவிட்டது. ஆட்கள் கொடுங்கள், இல்லையென்றால் விலகிவிடுவேன் என்று லிச்சன்ஹைன் கேட்டுக் கொண்டே இருந்தார். அப்புறம் 1918 ஜனவரி 2-ம் தேதி, இரண்டு மாண்ட்ரீல் அணிகளுக்கும் சொந்த அரங்கமாயிருந்த மாண்ட்ரீல் அரீனா தீப்பிடித்து எரிந்து சாம்பலானது. அணிகளின் ஸ்கேட், கட்டை, உடுப்பு எல்லாம் போயிற்று. கனேடியன்ஸ் ஊரின் இன்னொரு பக்கமிருந்த ஜூபிலி அரங்கத்துக்கு ஜாகை மாற்றிக் கொண்டது. லிச்சன்ஹைன் மறுபடி ஆட்கள் கேட்டார். கூட்டாளிகள் கையை விரித்துவிட்டார்கள். வாண்டரர்ஸ் கதை முடிந்தது. ஆடியது 4 ஆட்டம், ஆடாமல் விட்டுக்கொடுத்ததாகக் கணக்கில் ஏறியது 2. யாரை விலக்க இவர் இவ்வளவு பாடுபட்டாரோ அவருடைய ஆட்டக்காரர்கள் டொரண்டோவில் ஜாம் ஜாமென்று ஆடிக் கொண்டிருக்க, ஆறே வாரத்தில் இவர் வெளியே. நாலு அணியில் மிச்சம் மூன்று.

அந்த வாண்டரர்ஸ் அணியில் மூன்று ஆட்டம் மட்டும் ஆடிய ஒருவரை நம் மெக்கானிக்கல் ஆட்களுக்கு அறிமுகப்படுத்தியாக வேண்டும். ஆர்ட் ராஸ். பிற்பாடு பாஸ்டன் அணியை வருடக்கணக்கில் நிர்வகித்தவர். பக்கின் விளிம்பைச் சாய்வாகச் சீவினால் தாறுமாறாகத் துள்ளாது என்று கண்டவர் இவர்தான். அடித்த பக் திரும்பி வெளியே வந்துவிடாதபடி ஒரு வலைச் சட்டமும் வடிவமைத்தார். அது 1984 வரை லீகில் புழக்கத்தில் இருந்தது. பேட்டர்ன் ஷாப்பில் நாம் எல்லாரும் ஒரு ஓரத்தைச் சீவிவிட்டுத் திட்டு வாங்கியிருக்கிறோம், இவர் சீவியது சரித்திரம்.

ஐஸ் எப்படிப் போடுகிறார்கள் என்று தம்பிகள் கேட்கக் கூடும். நம்ம ஊர் ஐஸ் ஃபேக்டரி தத்துவம்தான். கம்ப்ரஸர் அம்மோனியாவை அழுத்துகிறது, அழுத்தம் குறையும்போது அது உப்புநீரைக் குளிர்விக்கிறது. பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும் உறையாத அந்த உப்புநீரைத் தரைக்கடியில் நெருக்கமாகப் பதித்த குழாய்களில் சுற்றவிடுகிறார்கள். மேலே தண்ணீரை மெல்லிய படலமாக ஊற்றினால் உறைந்து கொள்ளும், படலத்தின் மேல் படலம். 1911-ல் பேட்ரிக் சகோதரர்கள் வான்கூவரிலும் விக்டோரியாவிலும் கட்டிய அரங்கங்கள்தான் கனடாவில் முதல் செயற்கை ஐஸ் அரங்கங்கள். ஒட்டாவாவில் இதெல்லாம் இல்லை. கதவைத் திறந்து வைத்து வானத்தை நம்ப வேண்டியதுதான். மார்ச் மாதம் வெயில் கொஞ்சம் தலை காட்டினால் தரை சேறு மாதிரி ஆகிவிடும். குளிரூட்டும் யந்திரம் வைத்திருப்பவன் கை லீகில் ஏன் ஓங்கியது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

மூன்றே அணியை வைத்துக் கொண்டு பருவத்தை ஓட்டினார்கள். ஓட்டியதில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. அதுவரை கோல்கீப்பர் நின்றபடியேதான் பக்கைத் தடுக்க வேண்டும். முழங்காலிட்டாலோ விழுந்தாலோ தண்டனை. ஒட்டாவா கோல்கீப்பர் க்ளின்ட் பெனடிக்ட் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பக் வரும் நேரம் பார்த்துத் தற்செயலாகக் கால் இடறி விழுவார். ஒவ்வொரு தடவையும் தற்செயல்! மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்கிறார் என்று டொரண்டோ ரசிகர்கள் கேலி செய்தார்கள். எது நடிப்பு, எது நிஜ வழுக்கல் என்று ரெஃப்ரி எப்படிக் கண்டுபிடிப்பார்? 1918 ஜனவரி 9-ம் தேதி லீக் அந்த விதியையே எடுத்துவிட்டது. இனி யார் வேண்டுமானாலும் விழலாம். இன்று கோல்கீப்பர்கள் காலை அகட்டி உட்கார்ந்து தடுக்கும் அழகெல்லாம் அந்த ஏமாற்று விழுகையின் வாரிசு. கனேடியன்ஸின் ஜார்ஜ் வெஸினா மட்டும் நின்றபடியே தடுப்பதில் மன்னன். பிப்ரவரி 18-ல் டொரண்டோவை 9-0 என்று தோற்கடித்தபோது, ஒரு கோல்கூட விடாமல் முடித்த லீகின் முதல் கோல்கீப்பர் ஆனார். 1926-ல் காசநோயில் இறந்தார். சிறந்த கோல்கீப்பருக்கான பரிசு இன்றும் அவர் பெயரில்தான்.

மலோன் என்ன செய்தார் தெரியுமா? 20 ஆட்டத்தில் 44 கோல். சராசரி 2.2. ஒரு பருவத்தில் அதிக கோல் என்ற அந்தச் சாதனை 1945 வரை நின்றது. அந்த வருடம் மாரிஸ் ரிச்சர்ட் 50 ஆட்டத்தில் 50 கோல் போட்டு முறியடித்தார். எண்ணிக்கையில்தான் முறியடித்தார், சராசரியில் அல்ல. தடுப்பாட்டம் பலவீனமாயிருந்த காலம், கோல்கீப்பர் விழக்கூட முடியாத காலம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டுமே. அதே காலத்தில் மற்றவர்களும்தானே ஆடினார்கள், ஏன் 44 போடவில்லை?

அடிதடிக்கும் குறைவில்லை. ஜனவரி 28-ல் டொரண்டோவில் ஆல்ஃப் ஸ்கின்னரும் ஜோ ஹாலும் கட்டையாலேயே ஒருவரை ஒருவர் போட்டுத் தாக்கினார்கள். ரெஃப்ரி வெளியேற்றினார், லீக் அபராதம் போட்டது, போதாதென்று டொரண்டோ போலீஸ் இருவரையும் கைது செய்தது. அபராதம் என்றதும் டொரண்டோவின் கென் ராண்டல் ஞாபகம் வருகிறது. 35 டாலர் அபராத பாக்கியைக் கட்டினால்தான் ஆடலாம் என்று லீக் சொல்லிவிட்டது. பிப்ரவரியில் ஒட்டாவாவுடன் ஆட்டம். மனிதர் 32 டாலரை நோட்டாகவும் மீதி 3 டாலரை 300 செப்புக் காசாகவும் ஒரு பையில் கட்டிக் கொண்டு வந்தார். சில்லறையை வாங்க முடியாது என்றார்கள். பையைத் தூக்கிப் பனித்தரையில் போட்டார். ஒட்டாவா ஆட்டக்காரர் ஒருவர் அதைக் கட்டையால் ஓங்கி ஒரு அடி! 300 காசும் அரங்கம் பூராவும் சிதறியது. ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பொறுக்கினார்கள். பஸ் கண்டக்டரிடம் சில்லறைக்காகப் பேச்சு வாங்கிய அனைவர் சார்பிலும் ராண்டலுக்கு ஒரு சல்யூட்.

பருவத்தை இரண்டு பாதியாகப் பிரித்திருந்தார்கள். முதல் பாதியில் கனேடியன்ஸ், இரண்டாவது பாதியில் டொரண்டோ முதலிடம். இரண்டும் மார்ச் மாதம் மோதின. இரண்டு ஆட்டத்து மொத்த கோல் கணக்கு. டொரண்டோ முதலில் 7-3 என்று ஜெயித்து, அடுத்ததில் 3-4 என்று தோற்று, மொத்தத்தில் 10-7 என்று முந்தியது. பெயரில்லாத, சொந்தக்காரர் வெளியே நின்ற, தற்காலிக அணி லீக் சாம்பியன்!

ஆனால் அன்றைக்கு லீகை ஜெயித்தால் ஸ்டான்லி கோப்பை கிடைத்துவிடாது. மேற்குக் கரையில் பேட்ரிக் சகோதரர்களின் லீக் தனியாக நடந்து வந்தது. கிழக்கு சாம்பியனும் மேற்கு சாம்பியனும் 5 ஆட்டத் தொடரில் மோத வேண்டும். ஒரு வருடம் இந்தக் கரை, மறுவருடம் அந்தக் கரை. 1918-ல் கிழக்கின் முறை. வான்கூவர் மில்லியனர்ஸ் ரயிலேறி டொரண்டோ வந்தார்கள். மார்ச் 20 முதல் 30 வரை ஐந்து ஆட்டமும் அரீனா கார்டன்ஸில்தான்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. இரண்டு லீகுக்கும் விதிகள் வேறு. கிழக்கில் 6 பேர், பக்கை முன்னால் இருப்பவருக்குத் தள்ளக் கூடாது. மேற்கில் 7 பேர், நடுப்பகுதியில் முன்னோக்கித் தள்ளலாம். எந்த விதிப்படி ஆடுவது? மாற்றி மாற்றி. 1, 3, 5-வது ஆட்டங்கள் கிழக்கு விதி. 2, 4-வது ஆட்டங்கள் மேற்கு விதி. முடிவுகளைப் பாருங்கள்: டொரண்டோ 5-3. வான்கூவர் 6-4. டொரண்டோ 6-3. வான்கூவர் 8-1. டொரண்டோ 2-1. அவரவர் விதியில் அவரவர் ஜெயித்தார்கள், ஒரு ஆட்டத்தில்கூட இது மாறவில்லை. கடைசி ஆட்டத்தில் கார்ப் டெனெனி போட்ட கோல்தான் வித்தியாசம். ஐந்தாவது ஆட்டம் கிழக்கு விதியில் வந்ததால் கோப்பை கிழக்கில் தங்கியது என்று சொன்னால் டொரண்டோக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். நான் அங்கே இருந்தபோது சொல்லவில்லை, இங்கே இருந்து சொல்கிறேன். ஆனால் எந்த விதி நல்ல விதி என்பதில் லீகுக்கே சந்தேகம் இருக்கவில்லை போலிருக்கிறது. அடுத்த பருவமே தரையில் கோடு போட்டு, நடுப்பகுதியில் முன்னோக்கித் தள்ளலாம் என்று மேற்கு விதியை எடுத்துக் கொண்டார்கள்.

அந்த வான்கூவர் அணியின் நட்சத்திரம் ஃப்ரெட் டெய்லர். வேகத்தால் 'சைக்ளோன்' என்று பட்டப்பெயர். தோற்ற அணியில் இருந்தும் அந்தத் தொடரில் கோல் மழை பொழிந்தவர். அவருக்கு ஹாக்கி பகுதி நேரம்தான், உத்தியோகம் கனடா குடியேற்றத் துறையில். 1914 மே மாதம் கோமகட்டா மாரு என்ற ஜப்பானியக் கப்பல், பெரும்பாலும் பஞ்சாபிகளான 376 இந்தியர்களோடு வான்கூவர் வந்தபோது, முதலில் கப்பலில் ஏறிய அதிகாரி இந்த டெய்லர்தான். ஏறக்குறைய அத்தனை பேருக்கும் இறங்க அனுமதி மறுத்து, இரண்டு மாதம் கடலிலேயே வைத்து, ஜூலையில் திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தா அருகே பட்ஜ் பட்ஜில் கப்பல் வந்து சேர்ந்ததும் பிரிட்டிஷ் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் சுமார் 20 பேர் செத்தார்கள். டெய்லர் உத்தரவை நிறைவேற்றிய ஒரு உத்தியோகஸ்தர், அவ்வளவுதான். ஆனாலும் அவர் போட்ட கோல்களைப் பற்றிப் படிக்கும்போது அந்தக் கப்பல் நடுவில் வந்து நிற்கத்தான் செய்கிறது.

கோப்பை ஜெயித்த பணத்தில் பங்கு எங்கே என்று லிவிங்ஸ்டன் கேட்டார். அரீனா கம்பெனி கணக்குத் தீர்க்கவில்லை. அவர் கோர்ட்டுக்குப் போனார், வருடக்கணக்கில் வழக்கு. கம்பெனி தன் அணியைத் தனி நிறுவனமாகப் பதிவு செய்து டொரண்டோ அரீனா ஹாக்கி கிளப் என்று பெயர் வைத்தது. ஆனால் நல்ல ஆட்டக்காரர்களைக் கையில் வைத்துக் கொள்ள முடியாமல், 1919 பிப்ரவரியில் பருவத்தின் நடுவிலேயே கடையைக் கட்டியது. போட்டி லீக் ஆரம்பிக்க லிவிங்ஸ்டன் எடுத்த முயற்சி எதுவும் தேறவில்லை. நியாயம் அவர் பக்கம் நிறைய இருந்தது என்பது என் கட்சி. சண்டைக்காரர் என்பதற்காக ஒருவர் சொத்தை எடுத்துக் கொள்ளலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அதற்காக அவர் ஜெயித்திருந்தால் ஆட்டக்காரர்களுக்கு விடிந்திருக்கும் என்றும் நான் நம்பவில்லை. அவரும் ஆட்களைத் தன் சொத்தாகத்தானே கணக்கில் வைத்திருந்தார்? 1945-ல் காலமானார்.

அந்த ஆட்டக்காரர்களில் சிலருக்கு அடுத்த பருவத்தின் முடிவைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஒட்டாவாவின் ஹாம்பி ஷோர் 1918 அக்டோபரில் விஷக் காய்ச்சலில் போய்விட்டார். 1919 வசந்தத்தில் சியாட்டிலில் நடந்த கோப்பைத் தொடரின்போது கனேடியன்ஸ் அணியில் பாதிப் பேர் அதே காய்ச்சலில் படுக்க, தொடர் முடியாமலே நின்றது. ஏப்ரல் 5-ம் தேதி ஜோ ஹால் அங்கேயே இறந்தார். டொரண்டோவில் ஸ்கின்னரோடு சேர்த்துப் போலீஸ் பிடித்துக் கொண்டு போன அதே முரடர்.

ஒரு குளிர்காலத்துக்காகத் தலைவராக உட்கார்ந்த கால்டர், 1943-ல் சாகும் வரை 25 வருடம் அந்த நாற்காலியை விட்டு இறங்கவில்லை. டொரண்டோ உரிமம் 1919-ல் கைமாறி செயின்ட் பேட்ரிக்ஸ் ஆனது, 1927-ல் மேப்பிள் லீஃப்ஸ் ஆனது. மியூச்சுவல் தெரு அரங்கத்தை 1989-ல் இடித்துவிட்டார்கள்.

1918-ல் ஜெயித்த டொரண்டோ அணி கோப்பையில் தன் பெயரைப் பொறிக்கவில்லை. பொறிக்க ஒரு பெயர் இருந்தால்தானே! 1940-களின் கடைசியில் விட்டுப் போன பெயர்களை எல்லாம் கோப்பையில் சேர்த்தபோது, அந்த வருடத்துக்கு நேராக 'டொரண்டோ அரீனாஸ்' என்று பொறித்தார்கள். அந்தப் பருவத்தில் ஒரு நாள்கூட அந்த அணி அந்தப் பெயரில் ஆடியதில்லை. லிவிங்ஸ்டன் வைத்திருந்த ப்ளூ ஷர்ட்ஸ் என்ற பெயர் அந்த வரியில் இல்லை.